கோட்டை விளையாட்டின் முதல் பாகம்

இரத்தக்காட்டேரியின் கோட்டைக்குள் சாட்டையோடு நுழையும் அந்தப் பழைய வீடியோ கேமில் எந்தப் பாகம் உசத்தி என்று விதுஷாவும் அவள் அண்ணன் அஜந்தனும் சின்ன வயதிலிருந்தே மல்லுக்கட்டுவார்கள். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிறகும் அவன் விடவில்லை. இன்றைக்கும் போனில் அதே பேச்சுத்தான்.

"மூணாவதுதான் விது. எந்த வழியா போறதுன்னு நாமளே முடிவு பண்ணலாம்."

பெரகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள் விதுஷா. அடைமழை பிடித்தால் மண்சரிவு அபாயம் என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களை இங்கே ஏற்றுவார்கள். மழை விட்டால் இறக்குவார்கள். வருடா வருடம் இதே கூத்து.

வாசலில் நின்ற அதிகாரி சத்தமாகச் சொன்னார். "மழை விட்டிருச்சு. எல்லாரும் லயத்துக்குப் போகலாம்."

"எங்க காம்பரா வீட்டுச் செவுரு வெடிச்சு நிக்குதுங்களே!" என்று கத்தினாள் விதுஷா.

"புது வீடு கிடைக்கிற வரைக்கும் அங்கதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். அம்மா பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

"கேக்குதா விது?" என்றான் அண்ணன்.

"முதல் பாகந்தாண்ணே. வேற வழி இருக்குன்னு அது பொய் சொல்லாது. செத்தா, அதே வாசல்ல கொண்டு வந்து விட்டுடும்."