இடிந்த கிட்டங்கி வீடு

அலாவுதீன் தொகுத்துவந்த ‘பினாங்குப் பிரமுகர் அகராதி’யில் நுழைய ஒரே நிபந்தனைதான்: ஆளைப் பற்றிப் பத்திரிகையில் ஏதாவது அச்சாகியிருக்க வேண்டும். வீட்டார் வாய்ச்சொல் செல்லாது. எந்தப் பத்திரிகையும் அலாவுதீனைக் கண்டுகொண்டதில்லை என்பதால் அவருக்கே அதில் இடமில்லை. இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

சித்தி ஹாஜரா மறுபடியும் அச்சுக்கூட மாடிக்கு ஏறி வந்திருந்தார். மார்க்கெட் ஸ்திரீட் கடைகளில் பாதிக்குப் பிளான் போட்டவர் அவருடைய கணவர் கமாலுதீன். அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து ஒரு வருஷம்.

“பேப்பர் கெடச்சுச்சா தம்பி?”

“புரட்டாத பேப்பர் இல்ல ராத்தா. கடைத் திறப்பு, பள்ளிவாசல் திறப்பு எல்லாம் இருக்கு. மாலை போட்டவர் பேர் இருக்கு, பிரியாணி ஆக்குனவர் பேர்கூட இருக்கு. பிளான் போட்டவர் பேர் மட்டும் இல்ல.”

“அப்ப அதெல்லாம் தானா முளைச்சுச்சா?”

அலாவுதீனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தம்மா சிரிக்கவில்லை.

“ஊர்ல எங்க வீட்டுக்கு என்ன பேர்? இடிஞ்ச கிட்டங்கி வீடு. நிபோங் திபால்லேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எம் மவளப் பாத்துட்டுப் போயிருக்காங்க. அவங்க காதுல அது விழறதுக்குள்ள, அவ அத்தா கட்டுனது நிக்குதுன்னு ஒரு புஸ்தகத்துல வரட்டுமே.”

இனி மறைக்க முடியாது. மேசை இழுப்பறையிலிருந்த ஒரே பத்திரிகைத் துண்டை எடுத்து வாசித்தார். “சரக்குக் கிட்டங்கி இடிந்து நான்கு கூலிகள் மரணம். வரைபடம் தயாரித்தவர் கமாலுதீன்.”

நிற்கிற கட்டடத்துக்குக் கட்டியவன் பேர் தேவைப்படவில்லை. விழுந்ததும் உடனே தேவைப்பட்டுவிட்டது.

“அவரைப் போட்டா இதையும் போடணும் ராத்தா. இது ஒண்ணுதான் சான்று. வேணாம்னா விட்டுடலாம்.”

அந்தம்மா துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“கிட்டங்கி முதலாளி இன்னொரு மாடி ஏத்தச் சொன்னாரு. தாங்காதுன்னு தெரிஞ்சும் இவங்க சரின்னுட்டாங்க. போடுங்க. ஆனா நாலு கூலின்னு போடாதீங்க. நல்லமுத்து, பக்கிரி, இருளப்பன், ஆ லெங். இவங்க ஒவ்வொரு தொழுகைக்கும் பெறகு இந்தப் பேருங்களச் சொல்லித்தான் கையேந்துவாங்க.”

“பேப்பர்ல அந்தப் பேருங்க...” என்று ஆரம்பித்த அலாவுதீன், மீதியை விழுங்கினார். சான்றில்லை என்று எத்தனையோ தவுக்கே முதலாளிகளின் மச்சான்களைத் திருப்பியனுப்பிய மனுஷன், நான்கு பேரையும் எழுதி, சான்று என்ற இடத்தில் ‘மனைவி சொன்னது’ என்று போட்டார்.

அகராதி வெளிவந்த மாதமே நிபோங் திபாலிலிருந்து ஆள் வந்தது. சம்பந்தம் வேண்டாமாம். ஊர்ப்பேச்சை நம்பாதவர்களாம், அகராதியில் பார்த்துத்தான் முடிவெடுத்தார்களாம்.

அலாவுதீன் மன்னிப்புக் கேட்கப் போனார். உள்ளே மகள் யாரையும் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சித்தி ஹாஜரா கோப்பியை அவர் முன்னால் வைத்தார்.

“பேருங்க எல்லாம் சரியாத்தான் வந்திருக்கு தம்பி,” என்றார்.