ஒட்டுக்குக் கீழ முளைக்கிறது

வலிக்காதுங்க. உங்க தங்கச்சி தூங்கிட்டிருக்கறப்பவே ஆறுச்சாமி ஒட்டுக் கட்டி முடிச்சிருவாரு. குதிகால்ல ஒரு சாய்வெட்டு, வேரோட நிக்கற வெள்வேலாங்கட்டையில ஒரு சாய்வெட்டு, ரெண்டையும் சேத்து வெச்சு பிளாஸ்டிக் நாடாவச் சுத்திருவாரு. மாங்கன்னுக்குச் சுத்தற அதே நாடாதான். ஆடியில கட்டுனா ஆவணியில புடிச்சிரும். அப்புறம் காய்ச்சல், இழுப்பு, சர்க்கரை ஒண்ணும் கெடையாது. சோறு போட வேண்டாம், தண்ணி ஊத்த வேண்டாம். வெள்வேலான் எந்த வருசம் தண்ணிக்கு அழுதிருக்குது?

இந்தப் பண்ணையில ஆளுக கெடறது கவனிப்பாலதானுங்க. காங்கயத்துக்காரர் ஒருத்தரு, அம்மா வாடிப்போச்சுன்னு தெனமும் வந்து கஞ்சி ஊத்துனாரு. அம்மாவுக்கு வேர் அழுகிருச்சு. பக்கத்துக் கட்டையில நின்ன வக்கீலுக்கும் சாம்பல் நோய் ஒட்டிக்கிச்சு. ஆறுச்சாமி சத்தம் போடல. "பாசத்தைச் செருப்போட கேட்டுக்கு வெளிய விட்டுட்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னாரு.

அந்தா, மூணாவது வரிசையில கிழக்கால பாத்து நிக்கறது என்ற சம்சாரம், மயிலாத்தா. போன ஆடியில கட்டுனது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவளுக்கு மூச்சு இழுப்பு. மாரோட சாச்சு உக்கார வெச்சு, முதுகத் தேச்சு, சுடுதண்ணி குடுத்து விடிய வெப்பேன். இப்பப் பாருங்க, காதோரமெல்லாம் பூ. வெள்ளாடு வந்து காயத் திங்குது, சிரிச்சுட்டு நிக்கறா. ஒட்டுப் புடிச்சதும் நான் போயி முன்னால நின்னு, எப்படி இருக்கறேன்னு கேட்டேன்.

"நல்லா இருக்கறேன். வெயில மறைக்காதீங்க"ன்னா.

அப்புறம் நான் அந்தப் பக்கமா நிக்கறதில்ல.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. நோய் எங்கயும் போறதில்ல, கட்டைக்குள்ள எறங்கிருது. அப்பப்ப ஒட்டுக்குக் கீழ தளிராட்டம் வரும். விட்டுட்டா சத்தெல்லாம் அதே இழுத்துக்கும், மேல நிக்கற ஆள் காஞ்சு போயிரும். கண்டதும் கிள்ளி எருக்குழியில போடணும். அதுக்குப் பண்ணையில ஆள் தர மாட்டாங்க, வீட்டுக்காரங்கதான் செய்யணும்.

மயிலாத்தாளுக்கு ஐப்பசி மழையில வந்துச்சு. வெரல் நீளம் இருக்கும். குனிஞ்சு பாத்தா இழுப்புச் சத்தம் கேக்குது, இலையெல்லாம் வேர்த்திருக்குது. "ஏனுங்க, சுடுதண்ணி"ன்னுச்சு. நான் மேல பாத்தேன். மேல நின்னவ, "கிள்ளிப் போடுங்க, அரிக்குது"ன்னா.

கிள்ளுனேன். எருக்குழி வரைக்கும் கொண்டும் போனேன். கைக்குள்ள இழுத்துக்கிட்டே என்ற கட்டை வெரலப் புடிச்சுக்கிச்சு. பழைய பெயிண்ட் டப்பாவுல மண்ணப் போட்டு நட்டு வெச்சேன். புடிச்சுக்கிச்சு. வெள்வேலான் ரத்தமாச்சே, எதுல நட்டாலும் புடிக்கும். அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு, அதுக்கொரு டப்பா. இப்ப அந்த மோட்டார் ரூமுக்குப் பின்னால டப்பாவா நிக்குது. மில்லு வேலைய விட்டுட்டு இங்கயே வாட்ச்மேனாச் சேந்துட்டேன்.

சொட்டுத் தண்ணி இல்லாமலே எல்லாம் பொழைச்சுக்குமுன்னு ஆறுச்சாமி சொல்றாரு. நெசந்தான். ஆனா சுடுதண்ணி கேக்கறாங்களே. யாருக்கு மொதல்ல முதுகு தேய்க்கறதுன்னு தெனமும் சண்டை. பக்கத்துல இருக்கறவ டப்பாவுல மட்டும் துரு இல்லைன்னு சின்னவ ஒருத்தி மூஞ்சியத் தூக்கிட்டு இருக்கறா. என்ற மாமியாளையும் கூட்டிட்டு வரச் சொல்லிக் கேக்கறா.

மூத்த டப்பாக்காரிக்கு இப்ப இழுப்பு முத்திப்போச்சுங்க. ஆறுச்சாமி நாடி புடிச்சுப் பாத்துட்டு, இவளையும் ஒட்டுக் கட்டிரலாம், புதன்கெழமை ஒரு கட்டை தயாராகுதுன்னாரு. கட்டுனாச் சொகமாயிருவா. அதுல சந்தேகமே இல்ல. அப்புறம் சுடுதண்ணியும் கேக்க மாட்டா.

அந்தக் கட்டைய உங்க தங்கச்சிக்கு எடுத்துக்குங்க. நல்ல கட்டை, நானே பாத்தேன். அவருகிட்டச் சொல்லிக்கறேன். நீங்க தூரத்துல இருந்து வந்திருக்கறீங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம்.

இருங்க, டப்பாக்காரிக கூப்பிடறாங்க. எல்லாரும் ஒண்ணாக் கூப்பிட்டா மூத்தவளுக்கு முடியலைன்னு அர்த்தம். நீங்க உக்காருங்க, நான் போறேன்.