மல்லூரில் நின்ற கார்

எங்கள் காரை வாங்க, பழைய வண்டி வியாபாரி ரஷீத் பாய் சேலத்திலிருந்து வந்த அன்று நான் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. வந்தவர் பார்க்கட்டும், இரண்டு மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு போகட்டும், பீடை ஒழியட்டும் என்றுதான் இருந்தேன். ராசிபுரத்தில் பட்டு நெய்து பிழைக்கிற வீட்டுக்குக் கார் என்னத்துக்கு என்று, அதை வாங்கிய நாளிலேயே கேட்டவள் நான். யானையைக் கட்டித் தீனி போட நாம் என்ன ஜமீனா என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு வாய் நீளம், அவருக்குச் சிரிப்பு நீளம். அப்படியே குடித்தனம் ஓடிவிட்டது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குப் புறப்படும்போது விற்ற வண்டி அது. இவர் அதை வாடகைக்கு ஓட்டினார். கல்யாணத்துக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். ஜப்பான்காரன் சண்டை வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் என்றானதும், எல்லாரையும் போல இவரும் வண்டியின் பின்னால் கரி அடுப்பை மாட்டிக்கொண்டார். கரியிலிருந்து வருகிற கேஸில்தான் எஞ்சின் ஓடும். அதோடு சாம்பலும் போய்விடாமல், நடுவில் ஒரு பெட்டியில் துணி கட்டி வடிகட்டுவார்கள். அந்தத் துணி நைந்துபோனபோது சேலத்தில் எங்கே தேடியும் வேறு கிடைக்கவில்லை. துணிக்கு நெசவாளி கடை கடையாக அலைவதா என்று, இவரே தறியில் உட்கார்ந்து நூலில் கெட்டியாக ஒன்று நெய்தார். நெய்தவர் சும்மா நெய்தாரா? எங்கள் வழக்கப்படி பாவு நூலுக்கு நல்ல அரிசிக் கஞ்சி கொடுத்து, தகடு மாதிரி விறைப்பாக நெய்து, அலசாமல் அப்படியே பெட்டியில் கட்டினார். நானும் தடவிப் பார்த்து, பரவாயில்லை, காருக்கு நல்ல யோகம் என்றேன்.

கஞ்சி வாசத்துக்கு எலி வரும் என்பது நெசவாளி வீட்டில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். பாவு நூலை எலிக்கு எட்டாமல் தூக்கிக் கட்டாமல் நாங்கள் படுக்கவே மாட்டோம். ஆனால் காருக்குள்ளும் எலி போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. போயிற்று. துணியைக் கடித்து ஓட்டை போட்டது. அந்த ஓட்டை வழியாகச் சாம்பல் எஞ்சினுக்குள் புகுந்து உள்ளே இருந்ததையெல்லாம் அரைத்துவிட்டது. ஐப்பசி மழையில் மல்லூர் தாண்டிப் போகும்போது வண்டி கடகடவென்று இரைந்து நின்றுவிட்டது.

நின்றது மட்டும் என்றால் நாலு வசவோடு விட்டிருப்பேன். உள்ளே சின்னாயி என்ற பெண் பிரசவ வலியில் இருந்தாள். காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். மருத்துவச்சி, இனி என்னால் ஆகாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று கையை விரித்த பிறகு புறப்பட்டவர்கள். வழியோடு வந்த மாட்டுவண்டியை நிறுத்தி, அதில் அவளை ஏற்றி அனுப்பினார்கள். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் அலறல் கேட்டது என்று இவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அவர் விசாரிக்கவில்லை. நான் போய்க் கேட்டு வரட்டுமா என்றதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நல்ல சேதியாக இருந்தால் இந்நேரம் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள் என்பது அவர் நினைப்பு. என் நினைப்பும் அதுதான், சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காருக்குச் சேலை கட்டிவிட்ட மகராசன் என்று சந்தையில் சிரித்தார்கள். சிரித்த ஒருத்தியை நான் பிடித்துக்கொண்ட பிடியில் அவள் கத்தரிக்காயைக் கூட எடுக்காமல் போய்விட்டாள். ஆனாலும் அது அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்?

காரைச் சரிபண்ண முடியாது என்றில்லை. சிலிண்டரைக் கடைந்து பிஸ்டனை மாற்றினால் ஓடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அதற்கு எங்கள் இரண்டு தறியில் ஒன்றை விற்றாக வேண்டும். காரை விற்றுவிட்டால் இரண்டு தறியும் நிற்கும், அடுப்பும் எரியும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விற்றுத் தொலையுங்கள் என்றேன். "உன் இஷ்டம்" என்றார். அந்த "உன் இஷ்டம்"தான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால், மனுஷன் இன்னும் இருக்கிறார் என்றாவது தெரிந்திருக்கும்.

ரஷீத் பாய் எஞ்சின் மூடியைத் திறந்து, குனிந்து, படுத்து, எல்லாம் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"கைலாச முதலியாரே, சட்டமும் சக்கரமும் நல்லாத்தான் இருக்குதுங்க. எஞ்சின் ஒண்ணுதான் போச்சு. நான் கொண்டு போனா பிரிச்சுச் சாமானாத்தான் விப்பேன். சண்டை முடியற வரைக்கும் இன்னொரு வண்டி உங்களுக்குக் கிடைக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"யோசிச்சாச்சுங்க பாய். மாட்டைப் பூட்டச் சொல்லுங்க" என்றேன்.

மாட்டுக்காரர் கயிற்றைக் காரின் முன்பக்கம் கட்டிக்கொண்டிருக்கும்போது, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். நனைந்த கோணியை எடுத்ததும் என் வீட்டுக்காரர் எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் செங்கோடனுங்க. சின்னாயி ஊட்டுக்காரன்."

"அந்தப் புள்ளை..." என்று நான்தான் கேட்டேன்.

"பொழைச்சுக்கிட்டாளுங்க. கொழந்தைதான் தங்கல. பொறந்தது பொண்ணுங்க. கொஞ்சம் முன்னக்கூட்டி வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க."

என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அத்தனை நாளாகப் பேசாத மனுஷன் மூச்சு விடாமல் சொன்னார். துணி நெய்தது, கஞ்சி கொடுத்தது, எலி கடித்தது, எல்லாவற்றையும் சொல்லி, "என் தப்புத்தானுங்க, என் தப்புத்தான்" என்று நிறுத்தினார். செங்கோடன் கடைசி வரை கேட்டார்.

"உங்க மேல கோவம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டனுங்க. இருக்குது. ஆனா அதைச் சொல்றதுக்கு நான் வரலீங்க." கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எங்கண்ணன் சம்சாரத்துக்குத் தை மாசமுங்க. அதுக்கும் மொதப் பிரசவத்துல ரொம்பக் கஷ்டமாப் போச்சு. தைக்குள்ள வண்டி ஓடுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"யாரு, உங்க அண்ணனா?"

"இல்லீங்க. சின்னாயிதானுங்க. நான் அந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். அவ உட மாட்டேன்னுட்டாளுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள், படுத்த பாயிலிருந்து இன்னொருத்திக்கு வண்டி கேட்டு அனுப்பியிருக்கிறாள். நான் இங்கே தறியில் உட்கார்ந்துகொண்டு மாட்டைப் பூட்டச் சொல்கிறேன்.

"ஓடும்னு சொல்லுங்க" என்றேன் செங்கோடனிடம். பிறகு பாயைப் பார்த்தேன். "கார் விக்கலீங்க பாய். தறி வாங்கற ஆளு இருந்தா அனுப்புங்க."

பாய் தாமே குனிந்து கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்து எழுந்து செங்கோடன் பக்கத்தில் போய் நின்றார். அவர் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டி, பிடிக்காமல் இழுத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ளை சோறு திங்குதுங்களா?"

"நேத்திருந்துதானுங்க திங்குது" என்றார் செங்கோடன்.