தாகத்துக்கு ஒரு ஆராய்ச்சி நிதி

கிணறு வெட்டக் கேட்டால் சர்க்காரிடம் பணம் இருக்காது. கிணறு இல்லாமல் ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஆராயக் கேட்டால் பணம் வந்து கொட்டும். இது தெரியாமல் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவள் நான். ஆம்பூரில் இருந்துகொண்டு செருப்புத் தேய்ந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

தோல் பதனிடும் டேனரிக்குப் பின்னால் தொழிலாளர் குடிசைகள். அவற்றுக்கு நடுவில் என் பள்ளிக்கூடம். அங்கே இருந்த ஒரே கிணற்றில் சுண்ணாம்புத் தண்ணீரும் ஆவாரம்பட்டைக் கழிவும் இறங்கி, இறைத்தால் கஷாயம் வந்தது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் பெண்கள் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து மொண்டு வர வேண்டும். நேரமில்லாதவர்கள் கஷாயத்தையே குடித்தார்கள். தோலில் மயிர் வழிக்கும் வேலை செய்கிற ரங்கம்மாள் போன கோடையில் வாந்திபேதிக்குத் தன் பிள்ளையைப் பறிகொடுத்தாள். இப்போது இன்னொன்று தவழ்கிறது.

"டீச்சரம்மா, இதயாச்சும் நல்ல தண்ணி குடுத்து வளக்கணும்" என்று அவள் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன். தொழிலாளர் வாழ்க்கை நிலையை ஆராய்கிறவர்களுக்கு மதராஸில் ஏதோ ஜனவாழ்வு விசாரணை நிதியிலிருந்து உதவித்தொகை தருகிறார்களாம். கிணறு வேண்டும் என்று நான் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆராய்ச்சி சொன்னால் கேட்பார்கள். எழுதிப் போட்டேன். கொடுத்துவிட்டார்கள்! ஒரே நிபந்தனை, எம்.ஏ. படித்தவர் ஒருவர் தலைமை தாங்க வேண்டும். அதற்கு அவர்களே காசிநாதன் என்பவரை அனுப்பினார்கள். அவர் ரயிலை விட்டு இறங்கும்போதே மூக்கில் கைக்குட்டையை வைத்தவர், வேலை முடியும்வரை எடுக்கவில்லை. கேள்வியெல்லாம் கைக்குட்டை வழியாகத்தான் வந்தது.

பெண்கள் நிற்கவே இல்லை.

"பதில் சொல்லிக்கினு நின்னா ஊத்துக்கு யாரு போறது?" என்றாள் ரங்கம்மாள். நியாயமான கேள்வி. காசிநாதன் நிதியின் விதிகளைப் புரட்டினார். பதில் சொல்கிறவர்களுக்கு நேரும் நேர நஷ்டத்தை ஈடு செய்யலாம் என்று அதில் இருந்தது. அவ்வளவுதான், தோப்புக்காரர் அப்துல் ஹமீதின் பீப்பாய் வண்டியை வாடகைக்குப் பேசிவிட்டார். ஹமீத் பாயின் தோப்புக் கிணற்றுத் தண்ணீர் தினமும் காலையில் வாசலுக்கே வந்தது. குடம் நிரம்பிய பிறகு கேள்வி. பெண்கள் வரிசையில் இடம் பிடித்து நின்றார்கள்.

"குடிக்கத் தண்ணீர் போதுமான அளவு கிடைக்கிறதா?"

"ஜாஸ்தியாவே கெடைக்குதுங்க."

"ருசி?"

"எளநி கணக்கா இருக்குது சாமி."

"தண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?"

"எங்க நடக்கிறது? வாசல்லயே ஊத்திட்டுப் போறாரு பாயி."

நான் குறுக்கே புகுந்தேன். "ரங்கம்மா, வண்டி வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்திச்சின்னு சொல்லேன்!"

"அது நேத்து கதை டீச்சரம்மா. இவரு இன்னிக்கி வந்து கேக்கறாரு, இன்னிக்கித்தான சொல்லணும்?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. டேனரி வாசலில் சாயங்காலம் மேஸ்திரி பென்சிலோடு நின்று, இன்றைக்கு என்ன முடித்தாய் என்று கேட்பான். நேற்று இரண்டு தோல் கூடுதலாக வழித்தேன் என்று எவளாவது வாயைத் திறந்தால், சண்டைக்காரி என்று மறுநாள் உள்ளே விடமாட்டான். அதனால் பென்சிலும் கையுமாக யார் வந்து கேட்டாலும் இன்றைய கணக்கை மட்டும் சொல்வது அங்கே எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியிருந்தது. மற்றதெல்லாம் அவர்களுக்குப் பொய்.

நான் காசிநாதனிடம் மல்லுக்கு நின்றேன். "சார், அந்த வண்டி நாம விட்டதில்லையா?"

"அது நமக்குத் தெரியும் அம்மா. ஆனா நமக்குத் தெரிஞ்சத எழுதினா அது வெறும் அபிப்பிராயம். அவங்க சொல்றத எழுதினாத்தான் ஆராய்ச்சி."

அறிக்கை வழவழப்பான காகிதத்தில் அச்சானது. அந்தக் குடியிருப்பில் தண்ணீர் தாராளம், கிணறு அநாவசியம், பெண்களுக்கு ஓய்வு நேரம்கூட நிறைய இருக்கிறது. நிதி முடிந்தது. மறுநாள் வண்டி வரவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பாலாற்றுக்குப் போனார்கள். நான் மறுபடி தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கே குமாஸ்தா அறிக்கையைத் திறந்து, காசிநாதன் பேருக்குக் கீழே அச்சாகியிருந்த என் பேரை விரலால் தொட்டுக் காட்டினார்.

"நீங்களே எழுதியிருக்கீங்களே, தண்ணிக்குக் கொறச்சல் இல்லன்னு!"

அந்த விரலை ஒடித்திருப்பேன். பெண்ணாய்ப் பிறந்தவள், பேசாமல் திரும்பி வந்தேன்.

கொஞ்ச நாளில் காசிநாதனே நேரில் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. நிதிக் கமிட்டியார் அசந்து போய்விட்டார்களாம். நல்ல கிணறே இல்லாத இடத்தில் தண்ணீர் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பது எப்படி? அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தால் மற்ற ஊர்களும் கிணறு வெட்டாமலே பிழைத்துக்கொள்ளலாமே! அதை ஆராய முன்னைவிடப் பெரிய தொகை. வந்தவர் முதல் வேலையாக ஹமீத் பாய்க்கு ஆள் அனுப்பினார்.

அவர் முகத்தில் காறித் துப்பலாம் என்றுதான் இருந்தது. அதற்கு முன் ரங்கம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"கிணறு வராது ரங்கம்மா. வண்டிதான் வரும். அதுவும் ஆராய்ச்சி முடியற வரைக்கும்தான்."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"இவன் நடக்கிற வரைக்கும் ஓடுமா டீச்சரம்மா?"

"ஓடும்."

"உங்க பள்ளிக்கூடத்துக்கு வர்ற வரைக்கும்?"

"அதுக்குள்ள ஆராய்ச்சி முடிஞ்சிடும்."

"அப்ப முடிச்சிடாதீங்க" என்றாள். குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அவரு இன்னா கேட்டாலும் சொல்றோம். கேட்டதையே திருப்பிக் கேட்டாலும் சொல்றோம். முடிச்சி மட்டும் புடாதீங்க."

கோபத்தில் எனக்குக் கண்ணீர் முட்டியது. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டேன். இரண்டாவது ஆராய்ச்சி இன்னும் தொடங்கக்கூட இல்லை. அதில் விடுபடப் போகும் விஷயங்களை ஆராய மூன்றாவது நிதி கேட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.