மஞ்சள் அட்டைகள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் இருபத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாழும் அந்தக் குடியிருப்பில் தலைவர் என்று யாரும் கிடையாது. கூட்டத்தில் பச்சை அட்டை காட்டினால் சம்மதம், மஞ்சள் காட்டினால் தயக்கம், சிவப்பு காட்டினால் தடை. ஒரு மஞ்சள் இருந்தால்கூட முடிவெடுக்க மாட்டார்கள்.

அங்கே வசிக்கும் நோரீன் அன்றைய கூட்டத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இடுப்பெலும்பு முறிந்த தங்கை வெர்னாவை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். நோரீனின் வீடோ மாடியில். பொதுக்கூடத்தை ஒட்டிய விருந்தினர் அறை சும்மா கிடக்கிறது. பனிக்காலம் முடியும்வரை வெர்னா அதில் இருக்கட்டும்.

பச்சை அட்டைகள் மளமளவென்று எழுந்தன. பக்கத்து வீட்டு லைல், சூப் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே தன் அட்டையை ஆட்டினான்.

"இதுக்கெல்லாம் ஒரு கூட்டமா நோரீன்? கட்டிலை நானே தூக்கிப் போடறேன். என் முதுகு போனா அதே கட்டில்ல என்னையும் போட்டுடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள்.

ஆர்லோ மட்டும் கையைத் தூக்கவில்லை. இந்த நிலத்தைத் தேடிப் பிடித்து முதல் வீட்டைக் கட்டியவர் அவர்.

"நான் வேண்டாம்னு சொல்லலை," என்றார் மெதுவாக. "சும்மா ஒரு யோசனைதான். நாளைக்கு இன்னொருத்தர் கேட்டா என்ன சொல்வோம்?"

அவரது மஞ்சள் அட்டை உயர்ந்தது. ஒரு பச்சை இறங்கியது. பிறகு இன்னொன்று. "அவர் சொல்றதும் சரிதானே," என்றது ஒரு குரல். லைல் சூப்பில் மும்முரமானான். அவன் கையிலும் இப்போது மஞ்சள்.

கூட்டத்தை நடத்திய பெத்தனி கனிவாகக் கேட்டாள். "அடுத்த மாசம் பேசலாமா? அதுக்கு எல்லாருக்கும் சம்மதமா?"

மறுபடி பச்சைகள். நோரீன் சிவப்பைக் காட்டியிருக்கலாம். ஆனால் போன வருடம் டோரத்தி கோழி வளர்க்கக் கேட்டபோது, ஆர்லோவின் கையைப் பார்த்துவிட்டுத் தன் அட்டையும் இப்படித்தான் இறங்கியது. அதைத் தான் மறந்துவிட்டதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பச்சையைக் காட்டினாள். ஒவ்வொருவராக வந்து அவளை அணைத்துக்கொண்டார்கள், ஆர்லோவும்.

வீட்டுக்கு வந்ததும் வெர்னாவின் போன்.

"என்னக்கா ஆச்சு? யாராவது மாட்டேன்னுட்டாங்களா?"

"இல்லடி. ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லலை."

"பாத்தியா! நீதான் வீணா பயந்தே. சரி, நர்ஸ்கிட்ட என் துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்றேன்."

அறை கிடைக்கவில்லை என்று சொல்ல நோரீன் வாயைத் திறந்தாள். யாரால் என்று கேட்டால் யார் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை.