தீர்மானத்துக்கு முன்னால் டீ

எங்கள் நகராட்சிக் கூட்டம் எப்போது முடியும் என்று தலைவருக்கும் தெரியாது, செயலாளருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் டீ கொண்டு போனதும் முடியும். அந்த ஆபீசில் பெருக்குவதும் டீ போடுவதும் என் வேலை. உறுப்பினர்கள் ஒன்பது பேரும் வாயால் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டே கண்ணால் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தால் எழுந்து போய்விடுவார்கள். பேசாமல் விட்டது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். இப்படி எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் சட்டத்தில் எழுதியிருக்கும் எதையும் இவர்கள் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

டீச்சக்கையை நான் குப்பையில் கொட்டுவதில்லை. ஆபீசுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே கொஞ்சம் மண் இருக்கிறது. கால் உடைந்த நாற்காலிகளும் பழைய தேர்தல் தட்டிகளும் கிடந்த இடம். அதையெல்லாம் ஓரம்கட்டி, கொத்தி, அவரை, கத்தரி, தக்காளி, இரண்டு பாத்தி கீரை போட்டிருக்கிறேன். உரம் டீச்சக்கைதான். நகராட்சிக் கூட்டங்களால் இந்த ஊரில் ஏதாவது விளைந்தது என்றால் அது என் கத்தரிக்காய் மட்டும்தான்.

என் வீடு மூன்றாவது மாடியில். பால்கனியில் இரண்டு ஜோடிச் செருப்பு விட்டால் மூன்றாவது ஜோடி அந்தரத்தில் நிற்கும். ஒரு தொட்டியில் கொத்தமல்லி போட்டுப் பார்த்தேன், வெயிலே படாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் எனக்கென்று மண் என்றால் அந்த ஆபீஸ் மண்தான். வேலை நேரத்துக்கு முன்னாலேயே அங்கே போய் நிற்பேன். செடியோடு பேசும் அளவுக்கு எனக்கு இன்னும் முற்றவில்லை. ஆனால் அங்கே நிற்கும்போது யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அது எனக்கு வேண்டியிருந்தது.

இதில் மண்ணைப் போட வந்தது தலைவரின் புதுக் கார். எதைக் கேட்டாலும் "கண்டிப்பா" என்பதால் ஊரில் அவருக்குக் கண்டிப்பா என்றே பெயர். ரோடு கேட்டாலும் கண்டிப்பா, விளக்கு கேட்டாலும் கண்டிப்பா. இரண்டும் வரவில்லை, கார் வந்தது. வெயிலில் நின்றால் சீட்டு சுடுகிறதாம், ஷெட் வேண்டும். ஊரில் இவ்வளவு இடம் இருக்க, அவர் கண்ணில் பட்டது என் அவரைக்கொடி.

ஷெட் தீர்மானத்துக்கு ஓட்டுப் போடப்போகிற உறுப்பினர்களில் என் நாத்தனாரும் ஒருத்தி. என் வீட்டுக்காரரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள், எங்கள் வார்டு உறுப்பினர். ஆபீசில் அவளை மேடம் என்று கூப்பிடுகிறேன். வீட்டில் குளியலறை அடைப்பிலிருந்து மேடத்தின் முடியை எடுத்துப் போடுவதும் நான்தான். அவளுக்குத் துணைத்தலைவர் நாற்காலி தருவதாகக் கண்டிப்பா சொல்லியிருந்தார்.

"நான் ஷெட்டுக்குத்தான் கை தூக்குவேன் அண்ணி. முதல்லயே சொல்லிட்டேன், அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே" என்றாள், என் அவரைக்காயை இரண்டாவது தடவை போட்டுக்கொண்டே.

"தின்ன வாய் கூசாதா?" என்றேன்.

"வாய் வேற, கை வேற" என்றாள். என் வீட்டுக்காரர் தலையைத் தட்டிலிருந்து தூக்கவே இல்லை. இரண்டு பெண்களுக்கு நடுவே உயிர் பிழைக்கும் வித்தை அவருக்குத் தெரியும்.

இரண்டு கூட்டம் நான் சமாளித்தேன். ஷெட் என்ற சொல் தலைவர் வாயில் வரும் முன் டீயோடு உள்ளே நுழைந்தேன். மூன்றாவது தடவை கண்டிப்பாவுக்குப் பொறி தட்டிவிட்டது. கூட்டத்தன்று சமையல் மேடைக்கே வந்தார்.

"அம்மா, இன்னைக்கு டீயை முதல்லயே கொடுத்துடுங்க. குடிச்சுட்டு நிம்மதியா பேசலாம்."

"அடுப்பு சரியா எரியலைங்க சார்."

அவரே குனிந்து பற்றவைத்தார். ஜம்மென்று எரிந்தது. பதவிக்கு வந்ததிலிருந்து அவர் உருப்படியாகச் செய்த வேலை அதுதான்.

டீ போடப் பாலை அடுப்பில் வைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தக்காளி அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது. வாய்விட்டு அழுதிருப்பேன், ஆனால் பால் பொங்கிவிட்டது. இவர்கள் கூட்டத்துக்கு நானே வடிகட்டி ஊற்றிக்கொடுத்து என் செடியைப் பிடுங்கவைக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கண்டிப்பா மட்டும் எடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்து, "வாகனப் பாதுகாப்பின் அவசியம்" என்று ஆரம்பித்தார். தன் குரலைக் கேட்க ஆரம்பித்தால் அவருக்கு வேறு எதுவும் காதில் விழாது.

உறுப்பினர்களில் முதலில் மெடிக்கல் கடைக்காரர் கடைசி மடக்கைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, வாயைத் துடைத்து, வழக்கம்போல் எழுந்து போனார். அடுத்து டெய்லர். அவருக்குப் பின்னால் பால் டிப்போக்காரரும், அவர் போனால் தானும் போகும் அவருடைய பங்காளியும். யாரும் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், டம்ளர் மேஜையைத் தொட்டது, கால் வாசலைத் தொட்டது. செயலாளருக்குத் தலைவர் பேச்சில் குறுக்கிடும் பழக்கம் இல்லை.

கண்டிப்பா தலையை நிமிர்த்தியபோது பாதி நாற்காலிகள் காலி. "எங்கே எல்லாரும்?" என்றார்.

"டீ குடிச்சாச்சுங்களே" என்றார் செயலாளர்.

தீர்மானம் போட ஐந்து பேராவது வேண்டும். கண்டிப்பா விரல்விட்டு எண்ணினார். அவர், ஷெட்டைக் கட்டப்போகிற காண்ட்ராக்டர், காண்ட்ராக்டரின் மச்சான், டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு தூங்கும் ரிட்டயர்டு வாத்தியார், என் நாத்தனார். தூங்கினாலும் ஆள் ஆள்தான். "ஐந்து சரியா இருக்கு" என்றார், மூச்சு வந்து.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவளுக்கு எப்போதும் டீ ஆறவேண்டும், ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைக் கடந்து படியிறங்கிப் போனாள்.

"மேடம், உட்காருங்க மேடம்" என்று கண்டிப்பா கூப்பிட்டது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. செயலாளர் பேனாவை மூடினார்.

துணைத்தலைவர் பதவியையே தூக்கிப் போட்டுவிட்டாளே, இவளையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினேன் என்று நெஞ்சு இளகிப்போனது. கூட்டம் முடிந்ததும் தோட்டத்துக்குப் போய் இருந்ததிலேயே பிஞ்சான அவரைக்காயாகப் பார்த்துப் பறித்தேன். சிவந்த முதல் தக்காளியையும் விடவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாம் அவளுக்குப் பிடித்த மாதிரி சமைத்து, அவள் முன்னால் வைத்து, "நீ எனக்காக இப்படிச் செய்வேன்னு நினைக்கலடி" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். "உனக்காகவா? பஸ் ஸ்டாப்புல வந்து நின்னப்புறம்தான் அண்ணி எனக்கே உறைச்சது. டம்ளரை வெச்சதும் கால் தானா எழுந்துடுச்சு. என் பதவி போச்சு. அந்த ஆள் போன்ல கத்தறான்."

தட்டை என் பக்கம் இழுத்தேன். அவள் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தன் தட்டோடு பால்கனிக்குப் போய்ச் செருப்புகளுக்கு நடுவே நின்று சாப்பிட்டார்.

"அடுத்த மாசம் என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"கை தூக்குவேன். அடுத்த கூட்டத்துல டீயே வேணாம்னுட்டான் அவன்."

தட்டை விட்டுவிட்டேன். எனக்குப் பசிக்கவில்லை. அடுத்த மாதம் அவரை முழுதாகக் காய்த்திருக்கும், அதை நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. அவள் இன்னும் ஒரு பிடி சாப்பிட்டாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த இடத்துல ஒரு மரம் இருந்தா அதை வெட்ட தனியா தீர்மானம் போடணும். அது மரக்குழுவுக்கு வரணும். மரக்குழுத் தலைவி நான். நான் குழுவைக் கூட்டி ரெண்டு வருஷம் ஆச்சு."

"அங்கே ஏதுடி மரம்?"

"காலையில ஒரு முருங்கைக் கொம்பு நட்டுவிடு. குழிய நான் தோண்டித் தர்றேன்."

"குச்சிய நட்டுட்டு மரம்னு சொன்னா எவன் ஒத்துக்குவான்?"

"அந்த ஆளைத் தலைவர்னு ஒத்துக்கலையா?" என்றாள், இன்னும் கொஞ்சம் அவரைக்காய் போட்டுக்கொண்டே.