ஜிகினாத் தடம்

அவள் ஆட்டக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஒரு ஜோடி பழுப்பு நிற ஷூ, உள்ளே கால் இல்லாமல், அவளுக்குப் பின்னால் வீடு வரைக்கும் நடந்து வந்தது. வெயில் இறங்காத சாயங்காலம். காய்கறிக் கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, தக்காளியை அழுத்திப் பார்க்கும் வேலைக்குத் திரும்பினார்கள். இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்த ஷூ, அதனால் நடையில் ஒரு சாய்வு இருந்தது. அவள் நின்றால் அதுவும் நின்று கடைக் கண்ணாடியை வேடிக்கை பார்த்தது. அவள் எட்டிப் போட்டால் அதுவும் அவிழ்ந்த நாடா தெருவைக் கூட்ட ஓடி வந்தது. ஷூவின் சொந்தக்காரர் அந்த நேரம் தன் வீட்டில் வெறும் சாக்ஸோடு உட்கார்ந்து, மனைவி பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஷூ எங்கே என்று மனைவி கேட்டதற்கு, தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அந்த வருஷம் அந்த ஊரில் செருப்புத் தைக்கிறவர்கள், கைக்கே வராத வேலைக்கெல்லாம் தாமதக்காரர்கள் என்று பெயர் வாங்கினார்கள்.

கூடத்தில் கடைசியாகச் சேர்ந்தவளுக்குப் ‘புதுசு’ என்று பெயர். சொந்தப் பெயரை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். புதுசு, தையல் ஆலை மூடின பிறகு வேறு போக்கில்லாமல் வந்தவள். நர்சிங் கல்லூரியில் படிக்கும் தங்கையைக் கரையேற்றிவிட்டால் போதும் என்று இருந்தாள். தங்கைக்கு அவள், அவளுக்குத் தங்கை. மாடியில் ஒற்றை அறை. வேறு நாதி கிடையாது. கூடம் ஒரு காலத்தில் மரச்சாமான் கிடங்கு. இப்போது நடுவில் மேடை, மேடையில் கம்பி, கம்பிக்குச் சிவப்பு விளக்கு. ஆபீஸ்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு என்று கிளம்பி, சாப்பிடாமல் இங்கே வந்து உட்காருவார்கள். அதனால் ஆட்டமெல்லாம் பட்டப்பகலில்தான். உடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போகும் ஆட்டம். ஆலையில் வருஷக்கணக்காக உடுப்பைக் கூட்டிக்கொண்டே போனவளுக்கு முதலில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது பெரியக்கா. பெரியக்கா எத்தனை காலமாக ஆடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் பிடித்துப் பிடித்து மேடைக் கம்பி நடுவில் இடுப்பு மாதிரி சிறுத்துப்போயிருந்தது. முதல் நாள், பொய் இமை ஒட்டிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள். “கண்ணை விட்டுப் போன டம்ளரை மறுபடி வாயில வைக்காதே. எந்தத் தெருன்னு எவன் கேட்டாலும் கடலுக்குள்ளேர்ந்து வர்றேன்னு சொல்லு. தனி அறைக்குப் போனா கதவுப் பக்கம் நீ நில்லு, உள்பக்கம் அவன் இருக்கட்டும். கை மீறுதுன்னா சுவத்துல தட்டு, பீரோ வருவான்.” பீரோ என்பது வாசல் காவல்காரன். எந்தக் கதவிலும் பக்கவாட்டில்தான் நுழைவான். மழை வந்தால் கூடத்துப் பெண்கள் குடை தேடாமல் அவன் பின்னால் ஒதுங்குவார்கள், ஒருத்தி கூட நனைய மாட்டாள். “எல்லாத்துக்கும் மேல இந்த ஜிகினா” என்றாள் பெரியக்கா, தோளில் மின்னுகிற தூளைக் காட்டி. “எண்ணெய் போட்டு, பஞ்சால, விரல் இடுக்கு வரைக்கும் துடைச்சுட்டுத்தான் வெளிய கால் வைக்கணும். அது உடம்புல இருக்கிற வரைக்கும் நீ மேடையிலதான்டி இருக்கே.”

புதுசு தலையாட்டினாள். ஆனால் எண்ணெய் போட்டுத் துடைப்பது என்பது தேர் துடைக்கிற மாதிரி வேலை. முடிப்பதற்குள் பஸ் போய்விடும், தங்கை தனியாக இருப்பாள். அதனால் காய்ந்த டவலால் பரபரவென்று தேய்த்துக்கொண்டு, டவலைப் பையில் திணித்து, வீட்டு மாடிப்படியில் நின்று அதை நன்றாக உதறினாள். ஆலையில் பஞ்சுத் தூசியை அப்படித்தான் உதறிப் பழக்கம். கூடத்தின் பின்கதவிலிருந்து அவள் வீட்டுப் படி வரைக்கும் வெயிலில் ஒரு மெல்லிய கோடு மின்னியது. கூடத்துப் பழைய ஆட்கள் யாரும் தங்கள் வாசலில் டவலை உதற மாட்டார்கள். ஏன் என்று புதுசாக வருகிறவளிடம் சொல்வதும் இல்லை, சொன்னால் சிரிப்பாள் என்று.

முதலில் சிரித்தவள் தங்கைதான். காலையில் கதவைத் திறந்தவள், “அக்கா, யாரோட ஷூவோ வந்து நிக்குது. ஆளு பின்னாடி வர்றாரோ என்னமோ” என்றாள். அடுத்த வாரம் படிக்குப் படி ஒரு ஜோடி நின்றது. கூர்மூக்கு ஷூ, பட்டையான ஷூ, நாடா வைத்தது, வைக்காதது, வெள்ளை கான்வாஸ், மாப்பிள்ளைக்கு வாங்கியது மாதிரி பளபளப்பது. கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா அண்ணாந்து பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “ஏம்மா, சொல்லாம கொள்ளாம விசேஷமா? இத்தனை பேரைக் கூப்பிட்டே, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?” விசேஷம் ஒன்றும் இல்லை என்று புதுசு சொன்னதை அவள் நம்பவில்லை. பகலெல்லாம் ஷூக்கள் சாதுவாக நிற்கும். அக்காவும் தங்கையும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும் இடம் மாற ஆரம்பிக்கும். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேல்படிக்கு வரும். கதவுக்கு அடியிலிருக்கும் இடுக்கில் மூக்கை நுழைத்துப் பார்க்கும். இருவரும் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன் மேலேயே படுத்தார்கள். தட்டுகிற சத்தம் முதுகில் கேட்கும். தூங்கினாற்போல் இருக்கும், தூங்கியிருக்க மாட்டார்கள்.

புதுசு பீரோவிடம் சொன்னாள். பீரோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால், “பின்கதவு நிலைப்படி வரைக்கும்தாம்மா நான். அதைத் தாண்டினா முதலாளி சீட்டைக் கிழிச்சிடுவார்” என்றான். முதலாளியிடம் சொன்னாள். “வெறும் ஷூதானே? கால் வந்தா சொல்லு” என்றார் அவர். காவல் நிலையத்துக்குப் போனாள். அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

“யார் மேலம்மா புகார்?”

“ஷூ மேல சார். பின்னாடியே வருது. கதவை இடிக்குது.”

“பொது வழியில ஷூ நடக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லையே. ஆமா, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

சொன்னாள். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். “அப்ப வரத்தானே செய்யும்” என்றார், மழைக்காலத்தில் சளி பிடிப்பதைப் பற்றிச் சொல்கிறவர் போல. அவள் கீழே வைத்த பையை எடுக்கக் குனிந்தாள். மேஜைக்கு அடியில் அதிகாரியின் பாதங்கள் வெறும் சாம்பல் நிற சாக்ஸில் இருந்தன. வலது கட்டைவிரல் ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பது தெரிந்ததும் அது உள்ளே இழுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை, “என்ன சொன்னாங்க?” என்றாள். புதுசு, “கறுப்பு, பெரிய சைஸ், லாடம் அடிச்சது. அது எப்பலேர்ந்து நம்ம படியில நிக்குது?” என்று கேட்டாள். “போன வாரத்துலேர்ந்து” என்றாள் தங்கை.

அதற்குப் பிறகு செய்யாதது ஒன்றும் இல்லை. எண்ணெய்க் கடையையே வாங்கி ஊற்றியது போல உடம்பைத் துடைத்தாள். ஜிகினா அதற்குள் தோலுக்கு அடியில் குடியேறிவிட்டது, வேர்த்தால் வேர்வையோடு வந்தது, அழுதால் கண்ணீரோடு வந்தது. ஷூக்களை மூட்டை கட்டி ஆற்றில் போட்டார்கள். மறுநாள் ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, ஒரு வாரம் படியில் தும்மிக்கொண்டிருந்தன. வீட்டை மாற்றினார்கள், சாமானோடு போய் இறங்கும்போது, வீடு வசதியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வந்த மாமன்மார்கள் போல, புது வீட்டு வாசலில் அவை வரிசையாக நின்றன. கூடத்தை விட்டுவிட்டுச் சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஷூக்கள் அங்கேயும் வந்து வாடிக்கையாளர்களுக்கு நிற்க இடம் இல்லாமல் செய்தன. சலவைக் கடைக்காரர் கை கூப்பினார். “நல்ல பொண்ணும்மா நீ, வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இது குடும்பத்துக்காரங்க வந்து போற இடம்.” அந்த ஷூக்களில் பாதிக்குச் சொந்தக்காரர்களின் குடும்பங்கள் அந்தக் கடையில்தான் சட்டை வெளுத்தன. அவள் கூடத்துக்கே திரும்பினாள். அங்கே யாரும் ஏன் போனாய் என்று கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை.

முதலில் வரிசை பிரிந்தது அந்தப் பழுப்பு நிற ஷூதான். ஒரு நாள் காலை அது அக்காவை விட்டுவிட்டுத் தங்கையின் பின்னால் இறங்கிப் போனது. கல்லூரி வாசல் வரைக்கும் போனது. மறுநாள் வகுப்புக்குள் போய் அவள் பெஞ்சுக்கு அடியில் நின்றது. அதற்கு அடுத்த நாள், லாடம் அடித்த கறுப்பு ஷூவும் கூடப் போனது. தங்கையின் துப்பட்டா ஓரத்தில் ஒன்றிரண்டு ஜிகினாத் துணுக்கு ஒட்டியிருந்தது. ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள், ஒட்டாமல் என்ன செய்யும். தங்கைக்குப் பேச்சு குறைந்தது. ஊசி போடப் பழகும் வகுப்பில் கை நடுங்குகிறது என்று அவளை வெளியே நிறுத்தினார்கள். அன்று சாயங்காலம் அவள் கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

“நான் என்னக்கா செஞ்சேன்?”

“நீ ஒண்ணும் செய்யலடி.”

“சரி, நீ என்ன செஞ்சே?”

“டவலை உதறினேன்” என்றாள் புதுசு.

பெரியக்காவின் வீட்டுக்கு அவள் அதற்கு முன் போனதில்லை. ஊரின் மறுகோடி. சந்துக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. சுவரோரம் முழுக்க ஷூக்கள். பழங்காலத்து ஷூக்கள், பூசணம் பூத்தவை, வாய் பிளந்தவை, உள்ளே புல் முளைத்தவை. ஒன்றிரண்டு மட்டும் அவளைப் பார்த்து மரியாதைக்கு அசைந்து கொடுத்தன. பெரியக்கா அவற்றைத் தாண்டித் தாண்டி, வாளித் தண்ணீரோடு சர்வ சாதாரணமாக வந்தாள்.

“போகவே போகாதாக்கா?”

“ஒரு ஜோடி போச்சு. அவன் செத்துப்போயிட்டான். செத்தப்புறம் நேர்லயே வந்து எடுத்துட்டுப் போனான். ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோன்னு சொல்வான்னு நின்னேன். பாலிஷ் போட்டு வைக்கலியான்னு கேட்டான்.”

“எனக்கு வந்தா வரட்டும்க்கா. தங்கச்சி பின்னாடி போகுது.”

பெரியக்கா வாளியைக் கீழே வைத்தாள். “அதுகளுக்கு நீயும் ஒண்ணுதான், அவளும் ஒண்ணுதான். ஜிகினா எங்க அதிகமோ அங்க போகும். அவகிட்ட ஒரு பொட்டு கூட இருக்கக் கூடாது. ஊர்ல இருக்கிற மிச்சம் மொத்தமும் உன்மேல இருக்கணும். அப்புறம் நீ அவளைத் தொடக் கூடாது. தொட்டா ஒட்டிக்கும்.”

“எத்தனை நாளைக்கு?”

பெரியக்கா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். புதுசு தன் ஷூக்களோடு திரும்பி நடந்தாள்.

அறையைச் சுவர் சுவராக எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். தங்கையின் துணிமணி, புத்தகம், சீப்பு எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு, கல்லூரி விடுதிக்குப் புதுத் துணியோடு அனுப்ப ஏற்பாடு ஆனது. தங்கை கிளம்புகிற நாள், புதுசு ஒப்பனை அறையில் இருந்த ஜிகினா டப்பா அத்தனையையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் வெயிலில் நின்றாள். பறந்துபோன காக்கை ஒன்று கண் கூசி மின்கம்பத்தில் மோதிக்கொண்டது. படியில் நின்ற ஷூக்கள் அத்தனையும் ஒரே உதறலில் அவள் பக்கம் திரும்பின. தங்கை பெட்டியோடு படியில் இறங்கி, அக்காவுக்குக் கை எட்டுகிற தூரத்தில் நின்றாள். “ஒரே ஒரு தடவைக்கா” என்றாள். “கிட்ட வராதடி. போ. எங்க பார்த்தாலும் என்னைத் தெரிஞ்ச மாதிரி நிக்காதே” என்றாள் அக்கா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள், அது தானாக நீண்டுவிடுமோ என்ற பயத்தில். பிறகு திரும்பி நடந்தாள். ஷூக்கள் எல்லாம், பழுப்பு நிறம் உட்பட, அவள் பின்னால் போயின.

அன்று முதல் அவள் பெரியக்காவின் வீட்டோடு இருந்தாள். புது ஷூக்களும் பழைய ஷூக்களும் முதல் மாதம் மிதித்துக்கொண்டன. பிறகு வயசுக்கு மதிப்புக் கொடுத்து இடம் பிரித்துக்கொண்டன. கல்லூரிக் கட்டணத்தை ஒவ்வொரு முறையும் பீரோ கையை நன்றாகக் கழுவிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வந்தான். நிலைப்படியைத் தாண்டி அவன் செய்த காரியம் அது ஒன்றுதான். வருஷங்கள் போயின. கூடத்தில் இன்னொருத்தி சேர்ந்தாள், அவளுக்குப் பிறகு வேறொருத்தி. முன்பு புதுசாக இருந்தவள் ஒவ்வொருத்தியையும் கையைப் பிடித்து நிறுத்தி, டவல் கதையைச் சொன்னாள். ஒவ்வொருத்தியும் சிரித்தாள்.

சாயங்காலம் கூடத்திலிருந்து அவள் வீட்டுக்குப் போவது ஊருக்கு இப்போது பழகிவிட்டது. முன்னால் அவள், பின்னால் தெரு நிறைய ஷூ. போக்குவரத்துக் காவலர் கை காட்டி வண்டிகளை நிறுத்துகிறார். அன்றைக்கு அவர் காலிலும் ஷூ இருந்தால், ஊர்வலத்தில் ஒரு ஜோடி குறைவு என்று அர்த்தம். பேக்கரிக்காரர் தூசி படாமல் கண்ணாடிக் கதவைச் சாத்துகிறார். நேர்வழி வேறு இருந்தும், அவள் ஆஸ்பத்திரித் தெரு வழியாகத்தான் போகிறாள், எதிர்ச் சாரியில், தலையைத் தூக்காமல்.

ஆஸ்பத்திரி மாடியில், வெள்ளை உடுப்பில் நர்சுகள் ஜன்னலுக்கு வருவார்கள். “தினமும் போகுதே, யாருடி அது?” என்று புதிதாக வந்தவள் கேட்டாள். “தெரியல” என்றாள் தங்கை. கடைசி ஜோடியும் மூலை திரும்புகிற வரைக்கும், ஏதாவது ஒன்று பின்தங்கி நிற்கிறதா என்று பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, ஊசி போட வேண்டியவர்களைப் பார்க்கப் போனாள்.